கறுப்புத் திரையில் நாலு வரி! பிள்ளைகள் இரவில் நடத்தும் ‘சர்வர்’ என்பது என்ன?

இரவு மணி பதினொன்று. தாராவி 90 அடி சாலையில் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்குகின்றன. மாடியில் ஓர் ஒற்றை அறைக் குடித்தனம். வீட்டுக்காரர் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் சயான் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார். தூக்கம் வரவில்லை.

காரணம், மூலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் மகன். திரையில் படமும் இல்லை, பாட்டும் இல்லை. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்துகள் மட்டும் மளமளவென்று ஓடுகின்றன.

“ஏல, இன்னும் தூங்கலியா? என்னல செய்த?”

“சர்வர் அப்டேட் ஆவுதுப்பா. அஞ்சு நிமிசம்.”

அப்பாவுக்குத் தெரிந்த சர்வர், மாட்டுங்கா ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் கொண்டு வந்து வைப்பவர்தான். இந்தச் சர்வர் எந்த ஓட்டலைச் சேர்ந்தவர்?

இந்த வீட்டுக்குப் பெயர் வேண்டியதில்லை. செம்பூரில் இருக்கலாம், பெங்களூரில் இருக்கலாம், டில்லி கரோல் பாக்கில் இருக்கலாம். பையன் படிக்கிறானா, விளையாடுகிறானா, பணத்தைத் தொலைக்கிறானா என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோர் எங்கும் உண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம் தேவை.

சூதாட்டமா இது?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் வேறு. ரம்மி என்றும் வேறு பெயர்களிலும் வந்து பல குடும்பங்களின் சம்பளத்தை விழுங்கியவை அவை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பந்தயமில்லாத பொழுதுபோக்கு விளையாட்டுகளை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.

பையன் நடத்தும் சர்வர் இரண்டாவது வகை. விளையாட்டை ஒரு முறை விலை கொடுத்து வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு பந்தயமும் இல்லை, வசூலும் இல்லை. எங்கே எதற்குப் பணம் கேட்கிறார்கள் என்று பார்த்தாலே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிடும்.

சர்வர் என்றால் என்ன?

ஐந்து பேர் ஐந்து ஊர்களில் இருந்துகொண்டு ஒரே விளையாட்டை ஆட வேண்டும் என்றால், நடுவர் ஒருவர் வேண்டும். யார் எங்கே நிற்கிறார், யார் சுவர் எழுப்பினார், யார் மரத்தை வெட்டினார் என்று எல்லாருக்கும் பொதுவாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் சர்வர். அதற்குப் படம் காட்டும் வேலை இல்லை. கணக்கு வைப்பதும் சேதி சொல்வதும் மட்டுமே வேலை. அதனால்தான் கறுப்புத் திரை.

உதாரணத்துக்கு ‘வால்ஹெய்ம்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் நாட்டின் அயர்ன் கேட் என்ற சிறு நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளியிட்டது. பழங்கால வடநாட்டுக் கடலோடிகளின் உலகம். காட்டில் மரம் வெட்டலாம், மண்டபம் கட்டலாம், கப்பல் கட்டிக் கடலில் போகலாம். ஒரு சர்வரில் பத்துப் பேர் வரை ஒன்றாக ஆடலாம். இன்று கட்டிய சுவர் நாளைக்கும் அங்கேயே நிற்கும். சர்வர் அதை எழுதி வைத்திருக்கிறது.

தாராவிப் பையனுக்குத் தோழர்கள் நாலு பேர். ஒருவன் அடுத்த தெருவில். ஒருவன் பெங்களூரில். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இன்னொருவன் திருநெல்வேலியில். பள்ளிக்கூட லீவுக்கு ஊருக்குப் போனபோது ஏற்பட்ட சிநேகம். ஏழு மாதமாக ஐந்து பேரும் சேர்ந்து ஓர் ஊரையே கட்டியிருக்கிறார்கள். இதை ‘வெறும் விளையாட்டு’ என்று தள்ளிவிடலாம். ஆனால் ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, ஊர்ப் பையன்களோடு தினம் ஒரு மணி நேரம் பேச அதுவே வழியாக இருக்கிறது.

ஆவி பறந்த கதை

கம்ப்யூட்டர் விளையாட்டில் பலர் சேர்ந்து ஆடுவது புதிதல்ல. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த கேப் நியுவெல், மைக் ஹாரிங்டன் என்ற இருவர் 1996-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ‘வால்வ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1998-இல் ‘ஹாஃப்-லைஃப்’ வந்தது. அதன் மேல் ரசிகர்கள் கட்டிய ‘கவுண்டர் ஸ்டிரைக்’, 2000-இல் வால்வ் பெயரிலேயே கடைக்கு வந்தது. அப்போது இளைஞர்களாக இருந்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்: சைபர் கஃபேக்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய அதே விளையாட்டுதான்.

விளையாட்டு பரவியதும் ஒரு தொல்லை முளைத்தது. கம்பெனி ஒரு பிழையைத் திருத்திப் புதிய பதிப்பை வெளியிடும். சிலர் புதியதை ஏற்றிக்கொள்வார்கள். பலர் பழையதிலேயே இருப்பார்கள். இரண்டும் ஒட்டாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் ஆட முடியாமல் நிற்பார்கள். இதற்குப் பரிகாரமாக 2003 செப்டம்பர் 12 அன்று வால்வ் வெளியிட்டதுதான் ‘ஸ்டீம்’. ஸ்டீம் என்றால் நீராவி. விளையாடுபவர் ஒன்றும் செய்ய வேண்டாம். புதிய பதிப்பு தானாக வந்து சேரும்.

விளையாடுபவர்களுக்கு அது சரி. சர்வர் நடத்துபவர்களுக்கு? அவர்களுடைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் எங்கோ ஒரு கூடத்தில், திரையே இல்லாமல் கிடக்கும். படம் போட்ட பொத்தான்களை அங்கே யார் அழுத்துவது? அவர்களுக்காகத் தனியே ஒரு கருவி வேண்டியிருந்தது. முதலில் ஒரு பழைய கருவி இருந்தது. 2013 வாக்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது ‘ஸ்டீம் சி.எம்.டி.’ கட்டளையை எழுத்தால் தட்டச்சு செய்தால் போதும். விளையாட்டு சர்வரைக் கொண்டு வந்து இறக்கும், பழையதாகிவிட்டால் புதுப்பிக்கும். தந்தி வாசகம் போல நறுக்குத் தெறித்த வார்த்தைகள். இலவசம்.

அந்த நாலு வரி

விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் சி டிரைவில் ஒரு தனி ஃபோல்டர் போட்டு, வால்வ் தரும் ஜிப் கோப்பை அங்கே பிரித்து வைக்க வேண்டும். முதல் முறை இயக்கும்போது அது தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். பிறகு ‘ஸ்டீம்’ என்ற சொல்லைக் காட்டிக் கட்டளைக்குக் காத்திருக்கும். இனி வேண்டியவை நாலே வரிகள்.

முதல் வரி, ‘ஃபோர்ஸ் இன்ஸ்டால் டிர்’. சரக்கை எந்த ஃபோல்டரில் இறக்குவது என்று சொல்வது. விலாசம் எழுதாத பார்சல் போல ஆகிவிடக் கூடாதல்லவா? மூன்று சொற்களுக்கும் நடுவே இடம் விடாமல் அடிக்கோடு போட வேண்டும். இந்த வரி உள்ளே நுழைவதற்கு முன்பே வர வேண்டும். பின்னால் வந்தால் கருவி ஆட்சேபிக்கும்.

இரண்டாவது, ‘லாகின் அனானிமஸ்’. பெயர் சொல்லாமலே உள்ளே போவது. பெரும்பாலான சர்வர் புரோகிராம்களுக்கு இதுவே போதும். சில விளையாட்டுகளுக்கு மட்டும் அதை விலைக்கு வாங்கியவரின் கணக்கு தேவைப்படும். அப்படிப்பட்டதை அனாமதேயமாகக் கேட்டால் ‘நோ சப்ஸ்கிரிப்ஷன்’ என்று மறுத்துவிடும்.

மூன்றாவது, ‘ஆப் அப்டேட்’. இங்கும் நடுவே அடிக்கோடு. அதன் பின் ஓர் எண். ரயிலுக்கு எண் இருப்பது போல ஒவ்வொரு சர்வருக்கும் எண் உண்டு. வால்ஹெய்ம் சர்வரின் எண் 896660. ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ சர்வருக்கு 232250. பழைய ஹாஃப்-லைஃப் சர்வருக்கு வெறும் 90. எண் தவறினால் வேறு வண்டியில் ஏறியதாகிவிடும். எண்ணுக்குப் பின் ‘வேலிடேட்’ என்று சேர்த்தால், இறங்கிய ஒவ்வொரு கோப்பும் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கும்.

நாலாவது, ‘க்விட்’. வேலை முடிந்தது, வெளியே வா.

‘சக்சஸ்’ என்று தொடங்கி, ‘முழுவதும் நிறுவப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி வந்தால் காரியம் பலித்தது. அடுத்த முறை புதுப்பிக்கும்போதும் இதே நாலு வரிதான். அப்போது முழுச் சரக்கும் மீண்டும் வராது. கோப்புகளைச் சுமார் ஒரு மெகாபைட் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மாறிய துண்டு மட்டும் வரும். அளவு வைத்த டேட்டாவில் காலம் தள்ளும் வீட்டுக்கு இது பெரிய சிக்கனம்.

நாலு வரியையும் ஒரு கோப்பில் எழுதி வைத்து, விடியற்காலை நாலு மணிக்குத் தானாக ஓடும்படியும் செய்துவிடலாம். அந்த நேரத்தில் ஆடுபவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஏழு மாத உழைப்பு எங்கே?

அன்றிரவு விளையாட்டில் புதிய பதிப்பு வந்திருந்தது. தோழர்கள் கம்ப்யூட்டரில் தானாகவே புதியது ஏறிவிட்டது. சர்வரில் மட்டும் பழையது. யாராலும் நுழைய முடியவில்லை. பதிப்பு ஒத்துப்போகவில்லை என்று தகவல். பையன் நாலு வரியைத் தட்டினான். ‘சக்சஸ்’ வந்தது. சர்வரைக் கிளப்பினான். ஐந்து பேரும் உள்ளே போனார்கள்.

உள்ளே வெறும் புல்வெளி!

மண்டபம் இல்லை. கப்பல் இல்லை. கட்டிய ஊரே இல்லை. ஏழு மாத உழைப்பு ஒரே இரவில் மாயம். திருநெல்வேலிப் பையன் போனில், “ஏல, எல்லாம் போச்சா?” என்று கேட்கிறான். பதில் சொல்ல வாய் வரவில்லை. பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். விளையாட்டு அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரும் அலுவலகத்தில் பில் போடும் அளவுக்குத்தான். ஆனால் முப்பது வருஷம் கணக்குப் புத்தகம் பார்த்தவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நீ எழுதுன லெட்ஜரைத்தான் தொறந்திருக்கியா, இல்ல பக்கத்துல இருக்குற புது லெட்ஜரைத் தொறந்துட்டு ஒண்ணுமில்லங்கியா?”

பையன் நிமிர்ந்தான்.

நடந்தது அதுதான். வால்ஹெய்ம் சர்வரைக் கிளப்ப ஒரு சின்னக் கோப்பு உண்டு. சர்வரின் பெயர், உலகத்தின் பெயர், கதவு எண், கடவுச்சொல் எல்லாம் அதில் இருக்கும். பையன் அந்த மூலக் கோப்பிலேயே தன் விவரங்களை எழுதி வைத்திருந்தான். ‘வேலிடேட்’ கட்டளைக்கு அது தெரியுமா? மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பார்த்ததும், கம்பெனி கொடுத்த பழைய வாசகத்தையே திரும்ப எழுதிவிட்டது. அதில் உலகத்தின் பெயர் ‘டெடிகேட்டட்’. அந்தப் பெயரில் உலகம் ஏதும் இல்லாததால் சர்வர் புதிதாக ஒன்றைப் படைத்துவிட்டது. கடவுச்சொல்லும் ‘சீக்ரெட்’ என்று மாறிவிட்டது. உலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்!

பழைய உலகம் அழியவில்லை. அது சர்வர் ஃபோல்டரிலேயே இல்லை; விண்டோஸின் வேறொரு மூலையில், ‘வேர்ல்ட்ஸ் லோக்கல்’ என்ற ஃபோல்டரில் இரண்டு கோப்புகளாகப் பத்திரமாக இருந்தது. உலகத்தின் பெயரைத் திருத்தி மறுபடி கிளப்பியதும் மண்டபம் நின்றது, கப்பல் மிதந்தது. போனில் எழுந்த கூச்சலில் அம்மாவும் விழித்துக்கொண்டார்.

மறுநாள் அப்பா இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, கம்பெனி கொடுத்த கோப்பைத் தொடாதே. அதை நகலெடுத்து வேறு பெயர் வைத்து, நகலில் எழுது. நகலைப் புதுப்பித்தல் தொடாது. இரண்டு, புதுப்பிக்கும் முன் உலகக் கோப்புகளை ஒரு பென் டிரைவில் பிரதி எடு. கார்பன் காப்பி இல்லாமல் எந்த அலுவலகத்திலும் கடிதம் வெளியே போனதில்லை.

இரண்டுமே கைதேர்ந்த சர்வர்காரர்கள் கடைப்பிடிக்கும் விதிகள்தான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: சர்வரை நிறுத்தும்போது ஜன்னலை அப்படியே மூடாமல், ‘கண்ட்ரோல்’ பொத்தானையும் ‘சி’ எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒரு முறைதான் உலகம் எழுதி வைக்கப்படும். முறையாக நிறுத்தினால் கடைசி நிமிடம் வரை பதிவாகும்.

சாலுக்கு ஒரே தபால் பெட்டி

சர்வர் வீட்டில் ஓடலாம். வெளியூர்த் தோழர்கள் அதைக் கண்டுபிடித்து வர வேண்டுமே? ஒவ்வொரு சர்வருக்கும் கதவு எண் உண்டு. வால்ஹெய்முக்கு 2456, 2457. கவுண்டர் ஸ்டிரைக் வகைகளுக்கு வழக்கமாக 27015. வீட்டு ரௌட்டரில் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும்.

அப்படியும் பல வீடுகளில் வேலை நடக்காது. நம் நாட்டில் பல பிராட்பேண்ட் கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரே பொது விலாசத்தைத் தருகின்றன. பெரிய சாலில் எல்லாக் கோலிக்கும் சேர்த்து வாசலில் ஒரே தபால் பெட்டி இருப்பது போல. உள்ளே இருப்பவர் கடிதம் அனுப்பலாம். வெளியிலிருந்து வரும் கடிதம் எந்தக் கோலிக்கு என்று தபால்காரருக்குத் தெரியாது. மாதம் கூடுதலாகப் பணம் கட்டி நிலையான தனி விலாசம் வாங்குவது ஒரு வழி. வால்ஹெய்மில் ‘கிராஸ்பிளே’ என்ற முறையைப் போட்டால், நடுவில் ஒரு நிலையம் சேதியை வாங்கிக் கொடுத்துவிடும்; கதவைத் திறக்க வேண்டியதில்லை. வாடகைக்குச் சர்வர் எடுப்பது மூன்றாவது வழி.

வாடகைக்கு எடுப்பவர்கள் தூரத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மும்பைக்கும் சென்னைக்கும் நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்வர, குறைந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கு. நடைமுறையில் இதைவிட அதிகமாகும். சர்வர் ஐரோப்பாவில் இருந்தாலோ இதைப் போல் பல மடங்கு. ஓங்கிய கோடாலி தாமதமாக விழும். மலிவாகக் கிடைக்கிறது என்று தூர தேசத்தில் எடுத்தால் ஆட்டம் சுவைக்காது.

மீட்டர் என்ன சொல்கிறது?

குடும்பத் தலைவருக்கு முக்கியமான கேள்வி இது. நூறு வாட் இழுக்கும் கம்ப்யூட்டரை இரவும் பகலும் ஓட விட்டால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், மாதம் 72 யூனிட். இரவு எட்டு முதல் பதினொன்று வரை மட்டும் என்றால் மாதம் 9 யூனிட். ஐந்து பேரும் கூடும் நேரம் தெரிந்திருக்கும்போது, இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டுவானேன்?

இன்னும் சில எச்சரிக்கைகள். ஸ்டீம் சி.எம்.டி.யை வால்வ் தரும் இடத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ‘இதை ஏற்றினால் சர்வர் வேகமாகும்’ என்று யாரோ அனுப்பும் கோப்பைத் தொடக் கூடாது. அனானிமஸ் என்று நுழைய முடிகிற இடத்தில் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. அதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படலாம். லினக்ஸ் கம்ப்யூட்டரில் நடத்துபவர்கள் ‘ரூட்’ என்ற தலைமை அதிகாரியின் பெயரில் இயக்காமல், தனியே ஒரு சாதாரணப் பயனரை ஏற்படுத்திக்கொள்வது நல்லது. வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் வேலைக்காரரிடம் கொடுக்காமல், ஓர் அறையின் சாவியை மட்டும் கொடுப்பது போல.

இதனால் என்ன பிரயோசனம்?

சர்வர் நடத்தினால் வேலை கிடைத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. கட்டளையை எழுத்தால் கொடுப்பது, பிழைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்வது, பிரதி எடுத்து வைப்பது, கதவு எண்ணைத் திறப்பதும் மூடுவதும், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட விடுவது: நவி மும்பையில் ஐரோலி, மஹாபே பக்கம் எழும்பி நிற்கும் டேட்டா சென்டர்களில் இரவு ஷிப்டு பார்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஓடுவது விளையாட்டு அல்ல, பாங்கிக் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பரீட்சை நேரத்தில் சர்வரை நிறுத்தி வைக்கலாம். உலகம் எங்கும் ஓடிவிடாது. நிறுத்திய இடத்திலேயே காத்திருக்கும். அதுவே இந்த விளையாட்டின் நல்ல குணம்.

தாராவி வீட்டில் இப்போது ஓர் ஏற்பாடு. இரவு பதினொன்றுக்குச் சர்வர் நின்றுவிட வேண்டும். புதிய பதிப்பு வந்த நாளில் மட்டும் பத்து நிமிடச் சலுகை. அந்தப் பத்து நிமிடமும் அப்பா படுக்கவில்லை. மகன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். வெள்ளை எழுத்துகள் ஓடுகின்றன. சதவீதம் ஏறுகிறது.

“காப்பி எடுத்துட்டியால?”

“எடுத்துட்டேம்பா.”

“அப்ப தட்டு.”